சுகம் அனுபவிப்பது குற்றமா?



ஆனிச் சாரல் தொடங்கிய இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது கோவில் வாசலில் ஒரு தாய் காத்து நின்றார். நமது பங்கைச் சேர்ந்தவர்தான். அவர் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். அவர் பீடி சுற்றியும், கணவர் செங்கல் சூளையில் வேலை செய்தும் ஒரே மகனைப் படிக்க வைத்தார்கள். கணவர் சென்ற தை மாதம் காலமானார். வெளியூரில் நல்ல உத்தியோகத்திலிருக்கும் மகன், தாயின் வாடிய முகத்தைக் காணச் சகியாமல், குற்றாலத்தில் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் தங்க வைத்திருக்கிறான்.

"சாமி, ஒரு ராத்திரிக்கு எட்டாயிரமாம். எத்தனை ஆயிரம் பீடிக்குள்ள கூலின்னு மெத்தையில கிடந்து கணக்குப் போட்டேன். ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. நான் செஞ்சது பாவமா?"

"பாவம் ஒன்றுமில்லை அம்மா, சமாதானமாய்ப் போங்கள்" என்றேன். பசி வேளை; நானும் சுருக்கமாகப் பேசிவிட்டேன். அவர் நகரவில்லை. "பாவமில்லேன்னு எனக்கும் தெரியுது சாமி. அப்புறம் ஏன் உறுத்துது?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வாரம் முழுவதும் அது என்னோடு கூடவே வந்தது.

"என் பணம், என் சுகம், கேட்க நீ யார்?" என்பவர்களோடு வாதிடப் போவதில்லை, அவர்கள் இந்தப் பத்திரிகையை வாசிப்பதும் அபூர்வம். பக்தியுள்ளவர்களிடம் இருக்கும் வேறொரு எண்ணமே என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. உடலுக்கு இதமானது எதுவும் ஆத்துமத்துக்குப் பகை என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். திருச்சபையின் பெரிய வேதபாரகர் அப்படிப் போதிக்கவில்லை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் (1225–1274) தமது பெரிய வேதசாஸ்திர நூலில், துக்கத்துக்கு மருந்து எது என்று ஆராய்கிறார். தேவ சிந்தனை, நண்பர்களின் அனுதாபம், கண்ணீர் ஆகியவற்றோடு தூக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார்! உடலைத் தன் இயல்பான நிலைக்குத் திருப்புவது எதுவோ அது துயரத்தைத் தணிக்கும் என்பது அவர் நியாயம். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

அவர் அங்கே சாட்சிக்கு அழைப்பது அர்ச். அகுஸ்தீனை. 387ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் தம் தாய் மோனிக்கம்மாளை அடக்கம் செய்தபின், குளியல் கவலையைப் போக்கும் என்று கேள்விப்பட்டிருந்த அவர், குளிக்கப் போனார். குளித்தும் துக்கம் குறையவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு தூங்கினார், விழித்தபோது பாரம் சற்று இறங்கியிருந்தது. இதை அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கணவர் இறந்து ஆறு மாதத்துக்குள் ஒருவர் வெள்ளை விரிப்பில் படுத்து நிம்மதியாகத் தூங்குவது, இறந்தவருக்குச் செய்யும் துரோகமல்ல.

புதன்கிழமை அவரைக் காணச் சென்றேன். சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டாம் நாள் காலை அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாளாம். பக்கத்துக் கிராமம், அவள் தாயும் பீடி சுற்றுகிறவள். அவள் விரிப்பை மாற்ற வந்ததும் இந்த அம்மாளுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து மறுமுனையைப் பிடித்து விரிக்கத் தொடங்கிவிட்டார். "அம்மா, சும்மா இருங்க" என்று மகன் அதட்டியிருக்கிறான்.

ஆக உறுத்தல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, கணவர் இல்லாமல் அனுபவித்தது. அருவிக்கு நான்கு மைல் தூரத்தில் வாழ்ந்தும் அவர்கள் இருவரும் சேர்ந்து போய்க் குளித்தது இரண்டே தடவையாம். அது குற்ற உணர்ச்சியல்ல; அன்பு தன் ஆளைத் தேடுகிறது. அதற்குக் காலமும் தூக்கமும் ஜெபமும் வேண்டும். மற்றொன்று நீதியைப் பற்றியது. அதைத் தூங்கவைக்கக் கூடாது.

பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை ஆண்டவர் பாதத்தில் ஊற்றினபோது, முந்நூறு வெள்ளிக்காசுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று யூதாஸ் கணக்குப் பேசினான். ஒரு காசு அன்றைய ஒருநாள் கூலி. ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம்! ஆண்டவர் அந்த அன்பைத் தடுக்கவில்லை. பெற்ற தாய்க்கு எட்டாயிரம் செலவழித்த பிள்ளையை நான் கண்டிக்கமாட்டேன். (வட்டிக்கு வாங்கிச் சீசனுக்குப் போகிறவர்கள் இந்த வரியைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் ஒருவர் சுகம் இன்னொருவர் பங்கில் கைவைக்குமிடத்தில் குற்றம் தொடங்குகிறது. குற்றாலமே இதற்குச் சாட்சி. மேலிருந்து விழும் வெள்ளத்தின் வேகத்தைப் பொங்குமாங்கடல் என்னும் பள்ளம் வாங்கிக்கொள்வதால்தான் பேரருவியின் கீழே மனிதர் நிற்க முடிகிறது. அங்கே மூட்டை தூக்குகிறவர் தலையிலும் முதலாளி தலையிலும் அதே தண்ணீர் விழுகிறது. அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, தாமிரபரணியில் சேருகிறது. சில தனியார் விடுதிகளோ இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் விருந்தாளிகளுக்கென்று செயற்கை அருவி அமைத்துக்கொண்டன. அப்படிப்பட்ட விடுதிகளை மூடும்படி 2022 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மலையின் நீரை மதிலுக்குள் அடைத்துக் குளிப்பதும் ஒரு குளியல்தான். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் (1882–1954) குற்றாலத்தில் சுகமாகவே வாழ்ந்தார். ஆனால் ராஜாஜி, கல்கி முதலானோர் தேடி வந்த அவர் வீட்டில் அருவியும் பாட்டும் சாப்பாடும் வந்தவருக்கெல்லாம் பொது. அவர் சுகம் வாசற்கதவைத் திறந்து வைத்த சுகம்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்த கையை அந்தத் தாய் வெட்கத்தோடு சொன்னார். வெட்கப்பட என்ன இருக்கிறது? இரண்டு நாளில் அந்த அறையில் நடந்த காரியங்களில் மிகவும் மரியாதையானது அதுவே என்றேன். மகனிடம் நான் பேசட்டுமா என்றும் கேட்டேன்.

"வேண்டாம் சாமி. அவனே கேட்டான், அந்தப் பிள்ளைக்கு மாசம் என்ன சம்பளம்னு. எனக்குத் தெரியல. அடுத்த தடவை கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

"அடுத்த தடவையா?"

"ஆடியில மறுபடி வாரானாம். இந்தத் தடவை அவன்கிட்ட சொல்லிட்டேன், அத்தையையும் கூட்டிட்டு வரணும், பழைய குற்றாலத்துல குளிக்கணும்னு. அவரோட நான் போனது அங்கதான். போகட்டுமா சாமி?"

"தாராளமாய்ப் போங்கள்" என்றேன். 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துச் சென்றது அங்கேதான் என்பது நினைவுக்கு வந்தது. "போலீஸ்காரர் விசில் ஊதினால் மட்டும், இன்னும் ஒரு நிமிஷம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்."