தொட்டிக்குள் ஒரு மரம்

ஆட்டைக் கட்டி வைக்கிறோம்; மாட்டைக் கட்டி வைக்கிறோம்; கிளியைக் கூண்டில் அடைப்போரும் நம்மில் உண்டு. கால் உள்ளது ஓடிவிடும், சிறகு உள்ளது பறந்துவிடும் என்று அதற்குக் காரணம் சொல்லலாம். நட்ட இடத்திலேயே ஆயுள் முழுதும் நிற்கின்ற மரத்தை எவரேனும் கட்டி வைப்பார்களா? வைக்கிறார்கள். 'போன்சாய்' என்று அதற்குப் பெயர். ஆழமில்லாத தட்டத்தில் நடுவது என்பது அச்சொல்லின் பொருள். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை அது. வேரை நறுக்கி, கிளையைக் கத்தரித்து, செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றி வளைத்து, வானோங்க வேண்டிய மரத்தை ஒரு முழத்திற்குள் நிறுத்திவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகு ஆகுமானதா என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி ஏட்டிலிருந்து நம்மிடம் வரவில்லை. வீட்டு மாடிப்படி ஏறி வந்தது. சிறுவயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது பெங்களூரில் பணி புரிபவர், ஒரு விடுமுறையில் கடலூருக்கு வந்தபோது சாண் உயர மேப்பிள் கன்று ஒன்றைச் சிறு தொட்டியோடு கொண்டுவந்து நம் கையில் தந்தார். விரல்களை விரித்த குழந்தைக் கை போன்ற இலை; தளிரில் செம்மை. ஜப்பானியர் பெரிதும் போற்றும் மரம். காஷ்மீரத்துச் சினார் இலையைப் பார்த்து இதுவே மேப்பிள் என மயங்குவோர் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம். அன்பளிப்பை மறுப்பது அழகன்று என வாங்கிக்கொண்டோம். வாங்குமுன் கேட்டிருக்க வேண்டியதை வாங்கிய பிறகுதான் கேட்டோம்: இதற்கு என்னென்ன வேண்டும்?

வேண்டியவை பல. மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்துத் தண்ணீர் வார்க்க வேண்டும், கோடையில் இருவேளை. பிற்பகல் வெயிலும் அனல் காற்றும் இலையில் படலாகாது. தொட்டியின் அடித்துளை அடைபடலாகாது. இலை உதிர்ந்து, புதுத்தளிர் அரும்புவதற்குச் சற்று முன்பாக மண்ணை மாற்றி, சுருண்ட வேரைக் கத்தரிக்க வேண்டும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஐம்பது வயதுக்கு மேலும் கற்கலாம். நம்மால் ஆகாதது ஒன்றே ஒன்று, குளிர். மேப்பிள் ஆண்டுதோறும் உறங்குகின்ற மரம். உறைபனியை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் அது ஓய்ந்திருந்தாக வேண்டும். அவ்வுறக்கம் கிடைக்காத மரம், சேமித்த சத்தையெல்லாம் செலவழித்து, ஓயாமல் தளிர்த்துத் தளிர்த்துச் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். நம் கடலூரிலோ தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும். குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்க்கலாமே என்றார் ஒரு நண்பர். மீனுக்கும் பாலுக்கும் நடுவில் மரத்தையும் வைக்க வேண்டுமா என்று வீட்டார் கேட்ட கேள்வியோடு அந்த யோசனை முடிந்தது.

முதலாண்டு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்காதபடி தொட்டியைச் சாய்த்து வைத்துக் காத்தோம். உதிர வேண்டிய பருவத்தில் இலை உதிரவில்லை. மார்கழியில் புதுத்தளிர் விட்டது. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம், வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம். அது களைப்பில் விட்ட தளிர் என்பது அன்று நமக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு கத்திரி வெயிலில் இலையோரம் கருகத் தொடங்கியது. நிழலுக்கு மாற்றினோம், ஈரச் சாக்கைச் சுற்றினோம். ஆடியில் பட்டுப்போயிற்று.

ஒரு செடி பட்டுப்போனதற்கு இவ்வளவு விசாரமா என்று வாசகர்கள் எண்ணலாம். நாமும் அப்படித்தான் எண்ணிப் பார்த்தோம். ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்ற ஒரு செய்தி நம்மை விடவில்லை. பூனை ஒன்றை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றியது அது. அவள் தண்டனைக்குள்ளானாள் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஏன் தண்டனை என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். அவள் தானும் உணவு தரவில்லை. பூமியில் கிடைப்பதை அது தானே தேடித் தின்னவும் விடவில்லை. இரண்டும் சேர்ந்துதான் குற்றம். அடைத்தல் மட்டுமே குற்றமாக இருந்திருந்தால், நாயகத் தோழர் அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் வளர்த்த சிறு குருவியைப் பற்றிப் பெருமானார் அவ்வளவு பரிவோடு விசாரித்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார் ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட மேதை இப்னுல் காஸ் (ரஹ்). பறவையைக் கூண்டில் வளர்ப்பது ஆகும் என்பதற்கு அறிஞர்கள் காட்டும் ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

அப்படியானால் மரத்திற்கு என்ன சட்டம்? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும் அதன் விரிவுரைகளும் பராமரிப்புச் செலவு பற்றிய பாடத்தின் இறுதியில் இதைத் தொட்டுச் செல்கின்றன. கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் தருவது உடையவன் மீது கடமை. கறப்பவர் மடி நோகாதபடி நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும் என்றும், தேனடையில் தேனீக்களுக்கென ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் சற்று நின்றுவிடுவது நம் வழக்கம். உயிரற்ற வீடு, வாய்க்கால் போன்றவற்றைப் பேணுவது கடமையில்லை. பயிருக்கும் மரத்துக்கும் முடிந்தும் நீர் பாய்ச்சாதிருப்பது மக்ரூஹ். பொருள் வீணாகிறதே என்பது காரணம்.

இமாம்கள் பேசியது தோட்டத்து மரத்தைப் பற்றி. அதற்கு வானத்து மழை உண்டு. கீழே ஊற்றைத் தேடிப் போகும் வேர் உண்டு. உடையவன் மறந்தாலும் அல்லாஹ் திறந்துவைத்த வழிகள் அடைபடுவதில்லை. தொட்டி மரத்தின் நிலை அதுவன்று. அதன் வேரை நறுக்கியவர் நாம். மழை படாத தாழ்வாரத்தில் வைத்தவர் நாம். பிடி மண்ணுக்குள் அதன் உலகைச் சுருக்கியவரும் நாமே. பூமியில் தேடித் தின்னும் வழியை அடைத்தாயிற்று. ஆகவே அது தோட்டத்து மரத்தைவிடக் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டிற்கே நெருங்கியது என்று நமக்குத் தோன்றுகிறது. இது ஃபத்வா அன்று. ஓர் ஆசிரியனின் எண்ணம். அறிந்தோர் திருத்துவார்களாக. எண்ணம் சரியென்றால் கடன் தினக்கடன் ஆகிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் நாற்பது நாளைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மௌத்தாகிறவர் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இக்கடனைத் தீர்த்தவர்களும் உலகில் உண்டு. ஹிரோஷிமாவில் யமாகி என்னும் குடும்பத்தார் வெள்ளைப் பைன் குறுமரம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்தார்கள். 1625 முதல் தொட்டியில் வளர்ந்த மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று அவ்வூரில் அணுகுண்டு விழுந்தபோது, குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு மதிலின் மறைவில் அது நின்றது, பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்கு ஜப்பான் அனுப்பிய குறுமரங்களோடு அதையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். குண்டு போட்ட நாட்டுக்கே கொடுத்தார்கள். குண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2001இல் அக்குடும்பத்துப் பேரர்கள் வாஷிங்டனுக்குச் சென்று மரத்தைப் பார்க்க விரும்பியபோதுதான் அது எதைத் தாண்டி வந்தது என்பது அங்குள்ளோர்க்குத் தெரிந்தது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தருமத்தைப் பாழாக்காதீர் என்பது திருமறையின் போதனை. நம் வீட்டுத் திருமணங்களில் யார் என்ன செய்தார் என்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் நாம் அந்தக் குடும்பத்தின் மௌனத்தைக் கேட்டு நாணத்தான் வேண்டும்.

ஆலிம் பெருந்தகை ஒருவர் வேறொரு கோணத்தில் நம்மை மடக்கினார். "இது படைப்பை மாற்றுவதல்லவா? மனிதரைக் கொண்டு அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததாக அந்நிஸா அத்தியாயத்தில் வருகிறதே!" என்றார். எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. யோசித்துச் சொன்னோம்: "குறுமரத்தின் விதையை எடுத்துத் தரையில் போட்டால் முழு உயர மரமே முளைக்கும். அதன் இயல்பு மாறவில்லை. உருவம் அடக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பேரீச்சைக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதும், மாமரத்தை ஒட்டுக்கட்டுவதும் ஆகும் என்றால் இதை மட்டும் எப்படித் தள்ளுவது?" அவர் பாதி இசைந்தார். இன்னொருவர் துணைக்கு வருவதாக எண்ணிக்கொண்டு, இயற்கையே மரத்தைக் குட்டையாக்கவில்லையா, பிச்சாவரத்தைப் போய்ப் பாருங்கள் என்றார்.

பார்த்திருக்கிறோம். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இன்று திரளாக நிற்பது ஊருக்குக் கிழக்கே அந்தக் கழிமுகத்தில்தான். சுரபுன்னையும் வெண்கண்டலும் அங்கே உண்டு. உப்பு மிகுந்த இடத்தில் வெண்கண்டல் இடுப்பளவுக்கு மேல் எழும்பாது. ஆனால் பிச்சாவரத்தின் வரலாறு அவர் சொன்னதற்கு நேர்மாறான பாடத்தையும் வைத்திருக்கிறது. முற்காலத்தில் காட்டைத் தொகுதி தொகுதியாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது, ஏறிய ஓதநீர் இறங்க வழியின்றித் தேங்கி வற்றி உப்பாயிற்று, மரம் பிழைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி ஓதநீர் ஏறி இறங்க வழிவிட்டார்கள். காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அக்காட்டின் பின்னால் இருந்த சிற்றூர்கள் பெரிதும் தப்பின. ஆகவே இயற்கையும் குட்டையாக்குகிறது என்பது நமக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. உப்பு நிலம் நாளை மறுமையில் கணக்குக் கொடுக்கப் போவதில்லை.

மேப்பிள் பட்ட பின் தொட்டி வெறுமனே கிடந்தது. பள்ளிவாசல் ஹவுலின் சுவர் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. காக்கை போட்ட விதையாக இருக்கும். சுவரைப் பிளந்துவிடும் என்பதால் முத்தவல்லி பிடுங்கியெறியச் சொல்லிவிட்டார். அதை வேரோடு பெயர்த்தெடுத்து அத்தொட்டியில் வைத்தோம். இதற்கு நம் ஊர் வெயில் பகையன்று. உறங்க வைக்கவும் வேண்டியதில்லை. வாழ வழியற்றிருந்ததற்குத் தொட்டி ஒரு வழியாயிற்று. மேப்பிளுக்கு அதே தொட்டி என்னவாக இருந்தது என்பதை எழுதக் கை வரவில்லை.

ஆலங்கன்றுக்குக் கம்பி சுற்றினோம். கிளை வளைந்து நிற்கப் பழகியதும் கம்பியை எடுத்துவிட வேண்டும். வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ரமலான் வந்தது, தராவீஹும் பயானுமாக ஒரு மாதம் போயிற்று. பெருநாள் கழித்துப் பார்த்தால் பட்டை பருத்துக் கம்பியை விழுங்கியிருந்தது. துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். கிளையைச் சுற்றிச் சுற்றி ஏறும் தழும்பு நின்றுவிட்டது. இனி அது போகப் பல்லாண்டு ஆகும், போகாமலும் இருக்கலாம்.

அந்தத் தழும்பைப் பார்த்தபோது மேப்பிள் கொண்டுவந்த மாணவர் நினைவுக்கு வந்தார். பத்து வயதில் அவர் ஓயாமல் கேள்வி கேட்பார். ஹர்ஃபுக்கு ஏன் இந்த மக்ரஜ், நஹ்வில் இந்தச் சொல்லுக்கு ஏன் இந்த ஹரகத், வானவர்க்கு நிழல் உண்டா என்று வகுப்பே நின்றுவிடும். "பாடத்தை ஓது, வாயை மூடு" என்றோம். ஒருமுறையன்று, இரண்டு ஆண்டுகள் சொன்னோம். மூடிக்கொண்டார். அடக்கமான பிள்ளை என்று அவருடைய அத்தாவிடம் நாமே புகழ்ந்தோம். இன்று அவர் பெரிய பொறுப்பில் இருக்கிறார். நம்மிடம் வரும்போதெல்லாம் பணிவாக நின்று, கேட்டதற்கு மட்டும் "சரி ஹஜ்ரத்" என்கிறார். மேப்பிள் பட்டுவிட்டது என்று தொலைபேசியில் சொன்னபோதும் "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றார். எப்படிப் பட்டது என்று கேட்கவில்லை. ஓதும் வயதில் பிள்ளைக்கு ஒழுங்கு வேண்டும். அதில் நமக்கு இன்றும் ஐயமில்லை. கட்டியது தவறில்லை. எப்போது அவிழ்ப்பது என்று நாம் ஒருநாளும் பார்க்கவில்லை.

சென்ற பெருநாளைக்கு அவர் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஏழு வயதிருக்கும். மாடிக்குப் போய் ஆலங்கன்றின் முன் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

"நன்னா, இதைத் தரையில் நட்டால் பெரிய மரம் ஆகுமா?"

"ஆகும்மா."

"அப்புறம் ஏன் நடவில்லை?"

அவளுடைய அத்தா பதறி, "ஹஜ்ரத்திடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அவள் தோளைத் தொட்டார். நாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். கேட்கட்டும் என்றோம். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹவுலின் சுவரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னோம். மேப்பிள் கதையையும் சொன்னோம். அவளுக்குத் திருப்தி ஏற்படவில்லை, மேலும் கேட்டாள். அவளுடைய அத்தா சற்று நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து, தண்டின் தழும்பைத் தடவிக்கொண்டே, "இது எதனால் வந்தது ஹஜ்ரத்?" என்று கேட்டார்.