பேராசிரியருக்கும் ஆசான் வேண்டும்!

குருசுக்குப்பத்துப் பிள்ளையே, உன் தெருவிலிருந்து காலாப்பட்டுக்கு எவ்வளவு தூரம்? முத்தியால்பேட்டையைத் தாண்டி, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, திரும்பவும் புதுச்சேரிக்குள் நுழைந்தால் மத்தியப் பல்கலைக்கழகத்தின் வாசல். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் உன் மனசுக்குள் அது ஏழு கடல் தாண்டிய தூரம். "யூனிவர்சிட்டில வேலையா? நமக்கெல்லாம் எங்க கிடைக்கும்?" என்று கேள்வியும் நீயே கேட்டு, பதிலும் நீயே சொல்லிவிடுகிறாய். முதலில் அந்தப் பதிலை அழி!

பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியரும் குமாஸ்தாவும் மட்டுமா? பேராசிரியருக்கே கற்றுக்கொடுக்கும் ஆள் ஒருவர் வேண்டும். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவென்றே பல்கலைக்கழக மானியக் குழு தனிக் கல்லூரிகளைத் தொடங்கியது. பெயர்கள் மாறின, 2023-லிருந்து அவை கல்வியாளர் மாளவியா பெயரில் நடக்கின்றன. காலாப்பட்டிலும் அப்படியொரு பயிற்சி மையம் உண்டு. 1985-இல் நாடாளுமன்றம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வகுத்த எல்லை புதுச்சேரியோடு நிற்கவில்லை. லட்சத்தீவும் அந்தமானும் அதில் அடக்கம். கடல் கடந்து பாடம் போய்ச் சேர வேண்டுமானால் கேமரா வேண்டும், இணையம் வேண்டும். அவற்றைவிட, இரண்டையும் கண்டு ஆசிரியர் மிரளாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர் வேண்டும்.

இணையவழிக் கற்பித்தலை ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த மனிதராக நீ ஏன் இருக்கக் கூடாது?

இருபது வருஷம் கரும்பலகையில் வெளுத்து வாங்கியவர், சின்ன கேமரா முன் உட்கார்ந்ததும் வியர்த்துப்போவார். மைக் ஊமையாகக் கிடக்கும். அது தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் இருக்கிறவர் மவுஸைப் பிடுங்கி ஒரே நொடியில் சரிசெய்தால் அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை; கூனிக்குறுகியதுதான் மிச்சம். "சார், இடது பக்கம் கீழே பாருங்க, சிவப்பா ஒண்ணு தெரியுதா?" என்று அவர் கையாலேயே அழுத்த வைப்பவர்தான் இந்தத் தொழிலின் கெட்டிக்காரர். இந்தப் பொறுமையை எந்தப் பட்டமும் தராது. வீட்டில் பாட்டிக்கு வீடியோ கால் போடச் சொல்லிக்கொடுத்தவனிடமும், தம்பி தங்கைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவளிடமும் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திறமை என்று நீ எண்ணாததுதான் பெரிய குறை!

நம் வா.செ. குழந்தைசாமியைப் பார். கரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், படித்தது நீரியல். அவரே 1990-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை உருவாக்குவதில் முன்னே நின்றார். வேறு துறையில் படித்தேன் என்று அவர் ஒதுங்கவில்லை. உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். சிறுவயதுப் பாடம் அவருக்கு ரேடியோ வழியாகத்தான் வந்தது. தூரத்தில் கிடந்து படித்தவனுக்குத்தான் தூரத்தின் வலி தெரியும்.

இங்கிலீஷ் தடுமாறுகிறதா? தடுமாறட்டும், பேசு! கம்ப்யூட்டர் பட்டம் இல்லையா? பாடத்தை எப்படிப் பிரிப்பது, எங்கே கேள்வி வைப்பது என்பது கற்பித்தல் அறிவு; பி.எட். படித்தவருக்கு அது கைவசம். ஒப்பந்த வேலையாகத்தான் தொடங்கும் என்கிறார்களா? ஆமாம், பல இடங்களில் அப்படித்தான். டெக்னீஷியன் என்று ஓரமாக நிறுத்தவும் பார்ப்பார்கள். அந்த ஓரத்தில் நிற்காதே. பாடத்திட்டக் கூட்டத்தில் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார். மாணவர் எந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுப் போகிறார் என்ற கணக்கு உன்னிடம்தான் இருக்கும்.

அந்தக் கணக்குக்கு எவ்வளவு வலு தெரியுமா? எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களே மாணவரைப் பிடித்துவைக்கின்றன என்று கண்டது. ஒரு மணி நேர உரையை அப்படியே ஏற்றச் சொல்லும் துறைத்தலைவரிடம் இதை எடுத்துவைக்க உனக்குத் துணிவு வேண்டும். எடுத்துவை!

இன்றைக்கே தொடங்கு. மூடுல் இலவசம், இறக்கிக்கொள். 2017-இல் வந்த, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்திலும் படிக்கக் காசு கேட்பதில்லை. ஒரு பாடத்தில் சேர்ந்து, அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார். பிறகு உனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போ. "டீச்சர், பசங்களுக்கு எந்தப் பாடம் மண்டையில ஏறவே மாட்டேங்குது?" என்று கேள். அவர் சொல்லும் அந்தப் பாடத்தை அவர் குரலிலேயே ஆறு நிமிடத்துக்குப் பதிவு செய். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பக்கத்தில் அதை வை.