மூக்கில் வடியும் முன்பே

கண்டிப் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. ஆனாலும் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்த பிறகே பலர் பேராதனைக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். அந்த இரத்தத்துக்குப் பல மாதங்களுக்கு முன்னரே நோய் தொடங்கியிருக்கக்கூடும்.

கிருமியின் பெயர் ஏர்லிக்கியா கேனிஸ். 1935 இல் அல்ஜீரியாவில் அடையாளம் கண்டார்கள். இந்தப் பக்டீரியாவைச் சுமப்பது பழுப்பு நாய் உண்ணி. காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும். இரத்தம் குடித்து முடித்ததும் விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கண்டியில் கடுங்குளிர் இல்லாததால் ஆண்டு முழுவதும் அதற்குக் காலம்தான்.

கடித்த உண்ணியிலிருந்து நாயின் உடலுக்குள் போகும் பக்டீரியா, நோயை எதிர்க்கவேண்டிய வெண்குழியத்துக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. உள்ளே குருதிச் சிறுதட்டுகள் சரிகின்றன: நாயின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அவற்றை அழிக்கிறது, வீங்கிய மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிற்றுத் தோலிலும் முரசிலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். அவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும்.

பிறகு காய்ச்சல் தானாக அடங்கும். நாய் ஓடும், குரைக்கும், தட்டைக் காலி செய்யும். இந்தக் கட்டம்தான் மிக ஆபத்தானது என்பேன். கிருமி மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். சில நாய்களில் இறுதியில் என்பு மச்சையே ஓய்ந்து, செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு மூன்றும் ஒன்றாக வற்றும். வியட்நாம் போரில் நூற்றுக்கணக்கான அமெரிக்க இராணுவ நாய்கள் இப்படித்தான் மாண்டன. அவற்றில் ஜெர்மன் ஷெப்பர்ட்கள் அதிகம் பாதிக்கப்பட்டன.

டெங்கு என்றால் நாம் எடுக்கும் அதே எப்.பி.சி. (முழுக் குருதி எண்ணிக்கை) பரிசோதனை நாய்க்கும் உண்டு. சிறுதட்டு இரண்டு இலட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ஏர்லிக்கியாவைச் சந்தேகிக்கலாம். ஆனால் உண்ணி பரப்பும் பபீசியாவும் சிறுதட்டைக் குறைக்கும். அது பக்டீரியா அல்ல, செங்குழியத்தை உடைக்கும் ஒட்டுண்ணி. இலங்கை நாய்களில் அதுவும் இருக்கிறது, அதற்கு மருந்தும் வேறு. ஆகவே இரத்தப் பூச்சைப் பார்க்காமல் கடையில் மாத்திரை வாங்காதீர்கள்.

ஏர்லிக்கியாதான் என்று உறுதியானால், வழக்கமாக 28 நாட்கள் டொக்சிசைக்கிளின். இரண்டு மூன்று நாளிலேயே நாய் துள்ளத் தொடங்கும். அப்போது தயவுசெய்து மருந்தை நிறுத்தாதீர்கள். கூட்டையும் சுவர் வெடிப்பையும் சேர்த்தே சுத்தம் செய்யுங்கள்.