செய்கையே சான்று: தொழிற்றிறன் பரீட்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் ஒன்றை அறிந்திருக்கிறார் என்பதை மற்றொருவர் எவ்வாறு அறிந்துகொள்வது? மெய்யியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினா விரிவுரை மண்டபங்களில் மட்டும் எழுவதன்று. வேலை நாடிச் சென்ற மோட்டார்த் திருத்துநர் ஒருவர், பரீட்சகர் பார்த்து நிற்க, பழுதுற்ற எஞ்சினின் முன்னே ஸ்பானரைக் கையிலெடுக்கும்போதும் அதே வினா எழுகின்றது. நாம் விடையை எழுதிக் கொடுக்கின்றோம். அவர் விடையைச் செய்து காட்டவேண்டியவராகின்றார். இவ்விரு முறைகளுள் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பது நமது நோக்கமன்று. செய்து காட்டும் பரீட்சையிலே உண்மையில் சோதிக்கப்படுவது எது, சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் இடையிலுள்ள அறக்கடப்பாடு யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ15 வீதியில் ஏறாவூரைக் கடந்து, செங்கலடிச் சந்தியையும் தாண்டினால் வந்தாறுமூலை வந்துவிடுகின்றது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அங்கே அமைந்துள்ளது. சில கிலோமீற்றர் நீளமேயுள்ள இவ்வீதிப் பகுதியில் அறிவு பற்றிய இரு மரபுகள் அயலவர்களாய் வாழ்கின்றன. ஒன்று ஏட்டிலே சான்று வழங்கும் பல்கலைக்கழக மரபு. மற்றையது வீதியோரக் கராஜ்களின் மரபு. படுவான்கரை வயல்களை உழும் உழவு இயந்திரமும், லேண்ட்மாஸ்டரும், நெல்லேற்றும் லொறியும், முச்சக்கர வண்டியும், வாவித் தோணிக்குப் பூட்டும் எஞ்சினும் இம்மரபினர் கையாலேயே மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன.

இம்மரபிலே பாடநூலுக்கு இடம் குறைவு. பயிலச் சேரும் இளைஞர் முதலில் உதிரிப்பாகங்களை மண்ணெண்ணெயிற் கழுவுகின்றார். பாஸ் கேட்கும் இலக்கத்து ஸ்பானரை எடுத்துக் கொடுக்கின்றார். பின்பு சில்லுக் கழற்றப் பழகுகின்றார். ஆண்டுகள் சில சென்ற பின்னரே எஞ்சினைத் திறக்கும் உரிமை அவருக்குக் கிட்டுகின்றது. எவரும் அவருக்குப் புள்ளி இடுவதில்லை. திருத்திய வண்டி மறுநாள் திரும்பி வராதிருப்பதே அவர் பெறும் புள்ளி. எனினும் வேறோர் ஊரிலே வேலை கேட்டுச் செல்லும்போது இச்சான்றுகளை அவர் கையில் எடுத்துச் செல்ல இயலாது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 1990 ஓகஸ்ட் மாதத்து ஏறாவூர்ப் படுகொலையும், இருபுறத்துக் கிராமங்களும் கண்ட இடப்பெயர்வுகளும் பலருடைய பள்ளிப் படிப்பை இடைநடுவில் அறுத்தன என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே, திறமை நிறைந்தும் தாள் இல்லாதிருக்கும் நிலை இப்பகுதியில் ஒருவரின் சோம்பலுக்குச் சான்றன்று. அது காலம் செய்த கோலமாகவும் இருக்கலாம்.

இவ்விடத்திலேதான் தொழிற்றிறன் பரீட்சை முக்கியத்துவம் பெறுகின்றது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த தேசிய தொழிற்றகைமை முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. முறைசார்ந்த பயிற்சி நெறி எதனையும் பின்பற்றாதவரும், தமது முன்னனுபவத்தை ஆதாரமாகக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து தகைமை பெறுவதற்கு அம்முறை வழிவகுத்துள்ளது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகியபின், கடல் கடந்து செல்ல விரும்பும் தொழிலாளர் பலருக்கும் இத்தகைய பரீட்சை ஒரு வாயிலாயிற்று. ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு சில மணிநேரச் செய்கையிலே தங்கியிருக்கும் நிலை இதனால் ஏற்படுகின்றது. எனவே, அச்செய்கை எவ்வாறு மதிக்கப்படுகின்றது என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவும் ஆகும்.

செய்கையிலே வெளிப்படும் அறிவின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். டீசல் எஞ்சினிலே தீப்பொறி தரும் பிளக் இல்லை. உருளையினுள் காற்று பெரிதும் அமுக்கப்பட்டுச் சூடேற, அச்சூட்டிலே சீறிப் பாயும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. எரிபொருட் குழாயினுள் காற்றுப் புகுந்துவிட்டால், பம்பு தரும் அமுக்கம் அக்காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகின்றது, டீசல் சீறாது, எஞ்சின் இயங்காது. இவ்வளவையும் எவரும் ஒரு நாளிற் படித்து ஒப்புவித்துவிடலாம். ஆயின், பரீட்சகர் வேண்டுமென்றே ஒரு நட்டைச் சற்றே இளக்கிவிட்டு, "இவ்வெஞ்சினை இயக்குக" என்று கூறும்போது நிலைமை வேறாகின்றது. காற்று எவ்விடத்தாற் புகுந்தது என்று கண்டுபிடித்தல் வேண்டும். காற்றுப் போக்கும் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கும்போது முதலில் நுரை வரும். பின்பு குமிழ் கலந்த டீசல் வரும். ஈற்றிலே குமிழற்ற தாரை வரும். அந்தக் கணத்திலே, பம்பு ஓயுமுன், திருகாணியை இறுக்குதல் வேண்டும். எவ்வளவு இறுக்குவது? குறைந்தால் மீண்டும் காற்றுப் புகும். மிகுந்தால் புரி அழியும். அந்த அளவு மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கின்றது. நாவுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

ஆங்கில மெய்யியலாளர் கில்பேட் ரைல் 1949இல் வெளியிட்ட மனம் பற்றிய தமது நூலிலே, "இன்னது உண்மை" என அறிவதையும் "இன்னவாறு செய்வது" என அறிவதையும் வேறுபடுத்திக் காட்டினார். அறிவார்ந்த செயல் ஒவ்வொன்றுக்கும் முன்னர் ஒரு விதியை மனத்திலே சிந்தித்தாக வேண்டும் என்போமாயின், அச்சிந்தனையும் ஒரு செயலே ஆதலால் அதற்கு முன்னரும் ஒரு விதியைச் சிந்திக்க வேண்டிவரும், அதற்கு முடிவேயில்லை. ஆகவே, செய்யத் தெரிதல் என்பது சொல்லத் தெரிதலின் ஏவலாள் அன்று என்பது அவர் வாதம். அவருக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு முன்பே வாழ்ந்த இப்னு கல்தூன் (1332–1406), தமது முகத்திமாவிலே கைத்தொழில்களை ஆராய்கையில், தொழில் என்பது செயலும் சிந்தனையும் சேர்ந்து மீண்டும் மீண்டும் நிகழ்வதால் உறுதிப்படும் ஆற்றல் என்றும், கேட்டறிவதிலும் கண்ணெதிரே கண்டு கற்பதே அதனை நிறைவாகக் கைமாற்றும் என்றும் கருதினார். கற்பித்தவரின் தரமே கற்பவரின் தேர்ச்சியைத் தீர்மானிக்கும் என்பதும் அவர் கொள்கை. ஏறாவூர்க் கராஜிலே பாஸின் அருகில் நின்று கைவேலையைக் கூர்ந்து நோக்கும் இளைஞரின் கல்வியை விளக்க இதனினும் பொருத்தமான கோட்பாட்டை நாம் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கைத்திறன் என்பது பழக்கத்தால் வந்த வெறும் இயக்கந்தானே, அதனை அறிவு என்று சிறப்பிப்பது மிகையன்றோ என வினவுவோர் உளர். எஞ்சினை இயக்கப் புகும் பரீட்சார்த்திகள் இருவரை ஒப்புநோக்கினால் இம்மறுப்பு நிலைக்காது. ஒருவர் வந்தவுடனே டீசல் பம்பைக் கழற்றத் தொடங்குகின்றார். மற்றவர் தாங்கியிலே டீசல் உண்டா என்று பார்க்கின்றார்; அடைப்பான் திறந்திருக்கின்றதா என நோக்குகின்றார்; பில்டரைச் சோதிக்கின்றார்; குழாயின் மூட்டுகளை விரலால் தடவி ஈரம் தேடுகின்றார். எளியதிலிருந்து அரியதற்கும், கழற்ற வேண்டாததிலிருந்து கழற்ற வேண்டியதற்கும் அவர் படிப்படியாகச் செல்கின்றார். கருதுகோளை அமைத்து, அதனைச் சோதித்து, பொருந்தாதவிடத்துக் கைவிடும் ஆய்வு முறைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நாம் ஆய்வேட்டிலே செய்வதாகக் கூறுவதை அவர் எஞ்சினிலே செய்கின்றார்.

இனி, நீதி பற்றிய வினாவுக்கு வருவோம். செயன்முறைப் பரீட்சைக்கு ஓர் அரிய சிறப்புண்டு. எஞ்சின் எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஊர், இனம், மதம் எதனையும் உசாவுவதில்லை. காற்று நீங்கினால் இயங்கும், நீங்காவிடில் இயங்காது. பல சமூகத்தவர் அருகருகே வாழ்ந்து, ஒருவரையொருவர் ஐயுற்ற காலங்களையும் கடந்துவந்துள்ள ஒரு பிரதேசத்திலே, எவர் கையையும் ஒன்றாக மதிக்கும் இத்தகைய நடுவர் கிடைப்பது சிறிய நன்மையன்று. ஆயினும், எஞ்சின் நடுநிலை தவறாதது என்பதனாற் பரீட்சையும் நடுநிலை தவறாதது என்று முடிவுகொள்ளல் ஆகாது. எதனைச் சோதிப்பது, எம்மொழியிலே வினவுவது, எவ்வளவு நேரம் அளிப்பது என்பவற்றை முடிவு செய்பவர் மனிதரே.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலே, மின்நிலையமொன்றின் கறுப்பினத் தொழிலாளர் தொடுத்த வழக்கிலே, அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1971இல் வழங்கிய தீர்ப்பு இவ்விடத்திற் கருதத்தக்கது. கிறிக்ஸ் எதிர் டியூக் பவர் கம்பனி எனப்படும் அவ்வழக்கிலே, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் பொது அறிவாற்றற் சோதனைகளும் குறித்த வேலையைச் செய்யும் ஆற்றலோடு தொடர்புடையனவென நிறுவப்படாமையால், அவற்றைத் தடைக்கல்லாக வைத்தல் சட்டத்துக்கு முரண் என நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. தீய நோக்கம் இல்லாதவிடத்தும், வேலைக்குத் தொடர்பற்ற பரீட்சை அநீதியை விளைக்கக்கூடும் என்பதே அதன் சாரம்.

நமது சூழலிலே அத்தொடர்பின்மை பெரும்பாலும் சொற்களின் வழியாக நுழைகின்றது. கராஜிலே வழங்குவன "டெப்பட்", "கிளச்", "கிறாங்க்" முதலிய சொற்களே. கலைச்சொல் தொகுதிகளிலே வேறு தமிழ்ச் சொற்கள் உள. தொகுதியிலுள்ள சொல்லால் வினவப்பட்டு, பொருள் விளங்காமல் விழிக்கும் ஒருவர் தொழிலறியாதவர் அல்லர். "டெப்பட்டின் இடைவெளியைச் சரிசெய்க" என்றால், மில்லிமீற்றரின் சில பத்திலொரு பங்கே ஆகும் அவ்விடைவெளியை அவர் தகட்டளவியால் பிசகாது அமைத்துவிடுவார். கலைச்சொல்லாக்கம் தமிழுக்கு வேண்டிய பணி என்பதில் ஐயமில்லை. ஆனால், ஆக்கிய சொல்லை அறியாதவரை அறிவிலி எனத் தள்ளுவதற்கு அதனைக் கருவியாக்குதல் மொழிக்கும் நீதிக்கும் ஒருசேர இழைக்கும் தவறாகும். அவ்வாறே, பழகாத கருவியும், பார்த்து நிற்கும் கண்களும் தேர்ந்த கையையும் சிறிது நேரம் தடுமாறச் செய்யும். அத்தடுமாற்றத்தை அறியாமை என்று குறித்துக்கொள்ளும் பரீட்சகர் தமது தொழிலில் இன்னும் தேறவில்லை எனலாம்.

இவையாவும் நீதியாக அமைந்தபின்னும் ஒரு பெருவினா எஞ்சி நிற்கின்றது. செங்கலடிச் சந்தியிலிருந்து பிரியும் ஏ5 வீதி, கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கு ஏறுகின்றது. அவ்விறக்கத்திலே வரும் பஸ் வண்டியின் உயிர்நாடி பிரேக். பிரேக்கிலும் சில்லிலும் சில நட்டுகள் இளகாதிருக்க ஸ்பிளிட் பின் எனும் சிறு கம்பி செருகப்படுகின்றது. ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின்னை மீண்டும் பயன்படுத்தலாகாது. புதியதே இடல் வேண்டும். பழையதை இட்டாலும் வண்டி ஓடும். மூடி பூட்டியபின் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. பரீட்சகர் முன்னே எவரும் புதிய பின்னையே இடுவர். மழை பெய்யும் அந்திவேளையில், வண்டிக்காரர் அவசரப்படுத்த, புதிய பின் கைவசம் இல்லாதபோது என்ன செய்வார் என்பதே உண்மையான பரீட்சை. அதற்குப் பரீட்சகர் இல்லை. மலைப்பாதையில் வரும் பயணிகளே, தாம் அறியாமலே, அதன் முடிவைச் சுமக்கின்றனர்.

ஆகவே, தொழிற்றிறன் பரீட்சை இறுதியில் தேடுவது வேகத்தையோ, கையின் லாவகத்தையோ மட்டுமன்று. இவரிடம் பிறர் உயிரை ஒப்படைக்கலாமா என்பதையே அது தேடுகின்றது. அதனை முற்றாக அளக்கும் ஆற்றலோ எந்தப் பரீட்சைக்கும் இல்லை. இம்முரண்பாட்டைத் திருவள்ளுவர் நன்குணர்ந்திருந்தார் என்று தோன்றுகின்றது. தெரிந்துதெளிதல் என்னும் 51ஆம் அதிகாரத்திலே, அவரவர் செய்கையையே பெருமை சிறுமைகளுக்கு உரைகல்லாகக் கொண்ட அவர், அதே அதிகாரத்தின் முடிவிலே இரு தீமைகளை ஒருங்கு வைத்து எச்சரிக்கின்றார். ஆராயாது நம்புதல் ஒன்று. ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதல் மற்றொன்று. முதலாவதைத் தவிர்க்கப் பரீட்சை வேண்டும். இரண்டாவதைத் தவிர்க்கப் பரீட்சையால் இயலாது. அதற்கு மனிதரின் துணிவு வேண்டும். பரீட்சை நம்பிக்கைக்கு வாயிலாகலாமேயன்றி அதற்கு மாற்றீடு ஆகாது.

இதிலிருந்து இரு கடப்பாடுகள் பிறக்கின்றன. சோதிப்பவர், வேலையோடு தொடர்புடையதை மட்டும், பரீட்சார்த்திக்கு விளங்கும் சொல்லால், ஆறுதலோடு சோதித்தல் வேண்டும். தேறியவரைப் பின்னர் நம்புதலும் வேண்டும். சோதிக்கப்படுபவர், கண்காணிப்பில் செய்ததைக் கண்காணிப்பு இல்லாதவிடத்தும் செய்தல் வேண்டும். சான்றிதழ் இவ்விரு வாக்குறுதிகளின் அடையாளமே. ஒரு பக்கம் தவறினாலும் அது வெறுந்தாளாகிவிடும்.

தேசிய தொழிற்றகைமை மதிப்பீட்டிலே ஒரு நல்ல வழக்கமுண்டு. வேலையை நிறைவாகச் செய்யாதவரைத் தோற்றவர் என அங்கு எழுதுவதில்லை. இன்னும் தேர்ச்சியடையாதவர் என்றே குறிப்பர். "இன்னும்" என்னும் அச்சொல்லில் நீதியும் அறிவியலும் ஒருங்கே உள்ளன. பழக்கத்தால் வளரும் அறிவு மேலும் பழகினால் வளரும் என்பது அதன் அறிவியல். ஒருநாட் செய்கையைக் கொண்டு ஒருவரின் வாழ்நாளை மூடிவிடலாகாது என்பது அதன் நீதி. எழுத்துப் பரீட்சையின் புள்ளிகளாலே இளைஞரை வகுத்தும் கழித்தும் பழகிவிட்ட நாம், வந்தாறுமூலையிலிருந்து ஏறாவூர் வரையுள்ள அச்சிறு தூரத்தைக் கடந்து சென்று கற்கவேண்டிய பாடம் இதுவே.