இளையோருக்கு எஞ்சிய இடம்

ஓலை எழுதப் பங்கு இல்லத்திற்கு வரும் மணமக்களிடம், திருமணத்திற்குப் பின் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்று நாம் கேட்பதுண்டு. பதிவேட்டிற்காகக் கேட்கும் கேள்விதான். ஆயினும் அதற்கே அவர்கள் அதிகம் தயங்குகின்றனர். பிறந்து, திருமுழுக்குப் பெற்று, படித்து வளர்ந்த புதுச்சேரி நகருக்குள் இருவரின் சம்பளத்திற்கும் அடங்கிய வீடு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

நகரமோ சிறியது. பிரெஞ்சுக்காரர் நீள்வட்டமாக வகுத்த பழைய நகரை நடந்தே சுற்றிவிடலாம். அதற்குள் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் ஓரிரவுக்குத் தரும் தொகையைக் கண்டபின், மாத வாடகைக்கு விட எவருக்கு மனம் வரும்? வாய்க்காலுக்கு மேற்கேயும் இப்பழக்கம் பரவிவருகிறது.

ஆகவே இளையோர் வெளியே தேடுகின்றனர். தெற்கே ஆற்றைக் கடந்தால் அரியாங்குப்பம்; மேற்கே, நம் லூர்து அன்னையின் திருத்தலம் அமைந்த வில்லியனூர்; வடக்கே முத்தியால்பேட்டையை ஒட்டிக் கோட்டக்குப்பம். கோட்டக்குப்பத்தில் வாடகை சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சு ஆட்சி 1954இல் விடைபெற்றது. அது விட்டுச்சென்ற எல்லைக்கோடு இன்னும் விடைபெறவில்லை. குடும்ப அட்டையும் குடியிருப்புச் சான்றும், நாளை பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைக்கக்கூடிய இடமும் அக்கோட்டின் எப்பக்கம் வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தவை. வில்லியனூரைத் தேர்ந்தால், காலை வேளையில் இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் காத்து நிற்கும் நேரத்தையும் பெட்ரோல் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளவேண்டும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பாட்டி எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார்? இந்தக் கணக்கை எந்தத் தரகரும் போட்டுத் தருவதில்லை.

எந்த ஊர் மலிவு என்பது மணமக்களின் கேள்வி. அந்தக் கேள்வியில் நமக்கு ஏதேனும் பங்குண்டா?

தொடக்க நூலின் 13ஆம் அதிகாரத்தில் இதையொத்த நெருக்கடி வருகிறது. மந்தைகள் பெருகின, நிலம் போதவில்லை, ஆபிராமின் மேய்ப்பரும் லோத்தின் மேய்ப்பரும் சச்சரவிட்டனர். பசுமையைக் கண்டு மயங்கி யோர்தான் சமவெளியைத் தேர்ந்து, சோதோமுக்கருகில் கூடாரமடித்த லோத்தைப் பற்றி மறையுரைகளில் நிறையப் பேசிவிட்டோம். இளையவன் அன்றும் இளையவனே. மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் சொன்னதாகக் காணோம். ஆனால் நாம் அதிகம் பேசாதது மூத்தவரின் செயல். வாக்களிக்கப்பட்ட நிலம் ஆபிராமுக்குரியது. முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர் தம் சகோதரர் மகனுக்கு விட்டுக்கொடுத்தார். நம் நகரிலோ மூத்தோர் வைத்துக்கொண்டதுபோக எஞ்சியதிலிருந்து தேர்ந்துகொள்ளுமாறு இளையோரிடம் சொல்கிறோம். அவர்கள் தொலைவில் குடியேறியதும், பெற்றோரை மறந்துவிட்டார்கள் என்று குறையும் சொல்கிறோம்.

வாடகையை நம்பியே வாழும் விதவையரும் முதியோரும் நம் பங்குகளில் உள்ளனர். அவர்கள் நியாயமான வாடகை கேட்பதைக் குற்றமென்று சொல்லமாட்டோம். பணத்தோடு நில்லாத கேள்விகளே நம்மை உறுத்துகின்றன. முன்பணம் பேசும் முன்னரே, ‘நீங்கள் எந்த ஆட்கள்?’ என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் வழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. பழைய சம்பா கோவிலுக்குள் சாதியினரைப் பிரித்த சுவர் ஒன்று இருந்ததையும், அது அகற்றப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோவிலில் இடித்த சுவரை வீட்டு வாசலில் எழுப்பிக்கொண்டு, இளைய குடும்பங்கள் பங்கைவிட்டு விலகிப் போகின்றன என்று வருந்துவது பொருந்துமா?

மாடியைப் பூட்டியே வைத்திருப்போர், வெளிநாட்டிலுள்ள மகன் வரும் இரண்டு வாரங்களுக்காக வீட்டைக் காத்திருப்போர், ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை உயர்த்தாமல் மேலும் ஓராண்டு விட்டுவைத்தால், பிள்ளை பெற்ற அந்த இளம்பெண் வேலைக்குப் போகும் வழியில் குழந்தையைத் தாய்வீட்டில் விட்டுச்செல்ல முடியும்.