காலியாக விடப்பட்ட கட்டம்

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. தகவல் முழுமையாக இருக்க வேண்டும், முடிந்தவரை எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். காலியான கட்டம் என்றால் யாரோ வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுவிடுவோம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. எனக்கு இத்தனை வருஷமாகச் சோறு போடுவது இந்த நம்பிக்கைதான். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வேலை செய்யும் பூர்வகுடிப் பெண் ரேஞ்சர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இது தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது மட்டும்தானா என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஒருவர் ஒன்றைச் சொல்ல மறுக்கிறார். அந்த மறுப்பையும் ஒரு பதிலாக நாம் ஏற்க வேண்டுமா?

முதலில் அந்த வேலை என்னன்னு பார்த்துடலாம். கிவிர்குரா என்ற ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே சுமார் 700 கிலோமீட்டரில் இருக்கிறது. பின்டுபி மக்களின் ஊர். சுற்றியுள்ள நிலம், 40,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், 2014-ல் பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வெளியுலகத் தொடர்பே இல்லாமல் இந்தப் பக்கத்துப் பாலைவனத்தில் வாழ்ந்த ஒன்பது பேர் கொண்ட பின்டுபி குடும்பம் வெளியே வந்தது 1984-ல்தான். அதாவது, தடம் பார்க்கத் தெரிந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று வளர்ந்தவர்களின் காலம் அங்கே ரொம்பத் தூரத்தில் இல்லை.

அந்தப் பெண்கள் இப்போதும் மணலைத்தான் படிக்கிறார்கள். அங்கே பெரிய பாலைவன அரணை ஒன்று உண்டு. பின்டுபியில் அதற்கு ஜலப்பா என்று பெயர். குடும்பமாக ஒரே வளையில் வாழும். வளைக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பிடம். அங்கே கிடக்கும் எச்சத்தின் அளவைப் பார்த்தே உள்ளே பெரியவை மட்டுமா, குட்டிகளும் இருக்கின்றனவா என்று கணக்கு எடுக்கலாம். ஐரோப்பியர்களோடு வந்து, காட்டில் பெருகிவிட்ட பூனைகள்தான் இதற்குப் பெரிய எதிரி. அவற்றின் தடத்தைப் பிடித்து நடந்தே துரத்தி வேட்டையாடுகிறார்கள். குளிர்காலத்தில் சின்னச் சின்னத் திட்டுகளாகப் புல்லுக்குத் தீ வைத்து, கோடையின் பெருந்தீக்கு வழியில்லாமல் செய்கிறார்கள்.

இதை ஒருங்கிணைக்க ஒருவர் தேவை. பல இடங்களில் அவர் வெளியிலிருந்து வந்த, பூர்வகுடி அல்லாத ஒரு பெண். டீசல், டயர், சாட்டிலைட் போன், சம்பளத் தாள், அறிக்கை எல்லாம் அவர் தலையில். வண்டிக்கு அடியில் சிக்கும் காய்ந்த ஸ்பினிஃபெக்ஸ் புல் தீப்பிடிக்காமல் அடிக்கடி நிறுத்திப் பிடுங்கிப்போடுவதும் அதில் சேர்த்தி. ஆனால் பயணத் திட்டம் போட உட்காரும்போதுதான் நிஜமான சிக்கல். மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் விலக்கி நடக்க வேண்டும். ஒரே வண்டியில் ஏற்ற முடியாது. சில இடங்களுக்கு ஆண்கள் போகக் கூடாது, சில இடங்களுக்குப் பெண்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் வேலை நிற்கும். இறந்தவரின் பெயரை உச்சரிக்க மாட்டார்கள், அதே பெயர் உள்ள உயிரோடு இருப்பவரையும் வேறு பெயரில்தான் அழைப்பார்கள். பெயரை வைத்துத் தேடும் டேட்டாபேஸ் அன்றைக்கே பொய்யாகிவிடும்.

இந்த மாதிரி வேலைக்குப் பயன்படும் சைபர்ட்ராக்கர் என்ற மென்பொருளை, கலஹாரி பாலைவனத்தின் தடம் பார்ப்பவர்களுக்காக லூயி லீபன்பெர்க் 1990-களில் உருவாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பதிவு செய்யும்படி எழுத்துக்குப் பதில் படங்கள். அழகான தீர்வு. ஆனால் அது ‘எப்படிச் சொல்வது’ என்ற கேள்விக்கான தீர்வு. ‘சொல்லலாமா’ என்பது வேறு கேள்வி. பெண்களுக்கு மட்டுமே உரிய ஓர் இடத்தை அவர்கள் பதிவு செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் ஜிபிஎஸ் தடத்தை வரைபடத்தில் போட்டால், எதை வளைத்துக்கொண்டு போனார்கள் என்பது பளிச்சென்று தெரியும். மௌனத்தையும் டேட்டாவாக்கும் கருவி அது.

தெரிந்தால் என்ன, அப்படியென்ன ரகசியம் என்று கேட்கலாம். பாலைவனத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, முர்ரே நதியின் முகத்துவாரத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பதில். ஹிண்ட்மார்ஷ் தீவுக்குப் பாலம் கட்டக் கூடாது, அது பெண்களுக்கு மட்டுமே தெரிந்த காரணத்தால் புனிதமானது என்றார்கள் நாரிஞ்செரி பெண்கள் சிலர். காரணம், ‘பெண்கள் மட்டும் படிக்க’ என்று குறிக்கப்பட்ட மூடிய உறைகளில் அரசுக்குப் போனது. 1994-ல் அமைச்சர் ராபர்ட் டிக்னர் உறைகளைப் பிரித்துப் படிக்காமலே 25 ஆண்டுகளுக்குப் பாலத்தைத் தடை செய்தார். அடுத்த ஆண்டே நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அமைச்சர் அவற்றைத் தானே படித்துப் பரிசீலிக்கவில்லை என்பது ஒரு காரணம். இதற்கிடையில் உறைகள் தவறுதலாக எதிர்க்கட்சி அரசியல்வாதி ஒருவரின் அலுவலகத்துக்குப் போய், நகலெடுக்கப்பட்டன. மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம், கதையே இட்டுக்கட்டியது என்று அறிவித்தது. 2001-ல் பாலம் திறந்தாயிற்று. அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி வான் டூஸ்ஸா, இட்டுக்கட்டியது என்பதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்று தீர்ப்பு எழுதினார்.

இந்தப் பொறியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பாதுகாப்பு வேண்டுமென்றால் சொல். சொன்னால், பாதுகாக்க நினைத்தது அங்கேயே உடையும். சொல்லாவிட்டால் நீ பொய்க்காரி. சிவப்பு நட்சத்திரம் போட்ட படிவமும் தினசரி அளவில் இதைத்தான் செய்கிறது.

எதிர்க்கேள்விகள் இல்லாமல் இல்லை. வரிப்பணத்தில் நடக்கும் வேலைக்குக் கணக்கு வேண்டாமா? வேண்டும், அது கிடைக்கிறது. எத்தனை நாள், எவ்வளவு தூரம், எத்தனை வளைகள், எங்கே தீ வைத்தார்கள் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. கொடுக்கக்கூடியது எது என்ற கோட்டை அவர்கள் போடுகிறார்கள், அவ்வளவுதான். 2019-ல் வெளியான கேர் கொள்கைகள் இதையே சொல்கின்றன: பூர்வகுடிகளைப் பற்றிய டேட்டாவின் மீது அதிகாரம் அவர்களுடையது.

இன்னொரு கேள்வி கூர்மையானது. ரகசியம் என்றாலே அதிகாரம்தானே? புனிதம் என்ற பெயரில் பெண்களை வாசலில் நிறுத்திய கதவுகள் நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதவுகளுக்கு வெளியே நின்றவர்கள்தான் விலை கொடுத்தார்கள். ஹிண்ட்மார்ஷில் விலை கொடுத்தது ரகசியத்தைக் காத்தவர்கள். பாலைவன ஊர்களிலும் மூத்தவர், இளையவர் என்ற அதிகாரம் உண்டுதான். அறிவு படிப்படியாகத்தான் கைமாறும். அதைக் கேள்வி கேட்கும் உரிமை அந்த ஊர் இளம்பெண்களுக்கு இருக்கிறது. அறிக்கை எழுத வந்தவருக்கு அது வேலையில்லை.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் காலியாக விட்ட இடத்தில் ஒரு ஜலப்பா குடும்பம் அழிந்துகொண்டிருக்கலாம், டேட்டாவுக்குத் தெரியாது. அந்த இடத்துக்குப் போகும் உரிமையுள்ள கடைசிப் பாட்டி யாரிடமும் சொல்லாமலே இறந்துபோகலாம். உடனே நம் கை ரெக்கார்டரைத் தேடும். காப்பாற்றத்தான் தேடுகிறது, அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பதிவானதும் அது காது உள்ளவர் எல்லோருக்குமானதாகிவிடும். இத்தனை காலம் அவர் காத்தது அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

அப்படியானால் ஒருங்கிணைப்பாளர் என்னதான் செய்வது? பாட்டியும் பேத்தியும் ஒரே நாளில் ஒரே வண்டியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். டீசல், தண்ணீர், ரெண்டு ஸ்பேர் டயர், பாட்டிக்கு அன்றைய சம்பளம். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வண்டி நிழலில் காத்திருக்கலாம். அன்றைய அறிக்கையில் இடம் என்ற கட்டம் காலியாக இருக்கும். அதை ஏற்கும் படிவத்தை எழுதிக் கொடுப்பது நம்ம வேலை.