வேண்டாம் என்ற சொல்

பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து ஒரு நாள் முன்னதாகவே கிரிவலம் போகிற ஆள் நான். அன்றைக்கு நிருதி லிங்கம் தாண்டியதும் ஒரு மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு முதியவர். துண்டால் முகத்தை மூடினார். திரும்பி உட்கார்ந்தார். கடைசியில் ஒரு கல்லை எடுத்து வீசினார். “பட்டவனுக்கு கர்மம் தீந்துச்சு” என்றார் பக்கத்திலிருந்தவர். என் கையிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

‘வேண்டாம்’ என்பதை ஒரு மனிதர் வேறு எப்படித்தான் சொல்வது?

எதிரே டீ குடித்தபோது கடைக்காரரிடம் கேட்டேன், வீடியோ வந்த பிறகுதானே அவருக்குச் சோறு கிடைக்கிறது என்று. “முன்னாடி நான் ஒருத்தன்தான் சார் டீ குடுப்பேன். இப்போ பத்து டீ வருது. தூக்கம்தான் போச்சு. எங்க படுத்தாலும் லைட் அடிக்கிறாங்க.”

இந்த நம்பிக்கை யூடியூபோடு வந்ததல்ல. 1929இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகள் கடைக்குள் புகுந்து சரக்கை வாரி இறைத்தால் வியாபாரம் செழிக்கும் என்று இவ்வூர்க் கடைக்காரர்கள் நம்பினார்கள். காமிராவும் புதிதில்லை. 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் இங்கே இருந்து அவரைப் படம் எடுத்தார். ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கைக்கு விளம்பரக் காசு என்கிற ஏற்பாடு அன்று கிடையாது. இன்று சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவரைவிடக் கல்லெறியும் கிழவரைத்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள். பழைய நம்பிக்கை அவர் மறுப்பை அருளாக்கியது. புதிய வியாபாரம் அந்த அருளை வருமானமாக்கியது. இரண்டும் சேர்ந்தபின் அவருக்குத் தப்ப வழியில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 24ஆம் பிரிவில், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது. அந்தப் பிரிவு சிகிச்சைக்குள் வந்தவரைப் பற்றித்தான் பேசுகிறது. மரத்தடியில் இருப்பவரைப் பற்றி அல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. சாத்திக்கொள்ள ஒரு கதவு இருப்பவர்களுக்கே அது சுலபமாகக் கைக்கு எட்டுகிறது.

அவர் சித்தரா, நோயாளியா, வீட்டை விட்டு வந்த யாரோ ஒருவரா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சித்தர் என்றால் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். நோயாளி என்றால் காப்பாற்ற வேண்டும். யாரோ ஒருவர் என்றால் நம்மைப் போல அவருக்கும் முகம் அவருடையது. எந்த வழியில் போனாலும் கைபேசி கீழே இறங்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் யோசித்து முடித்து அன்றிரவே வீடியோவை அழித்தேன். அதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். மதுரையிலிருந்து மாமா எழுதியிருந்தார்: “நல்ல தரிசனம் மாப்ளே. நாலு குரூப்புக்கு அனுப்பிட்டேன்.”